விடைக் கட்டத்தில் என்ன இடுவது? சி.பி.ஏ. சிமுலேஷன்கள் குறித்துச் சில சொற்கள்

அமெரிக்கக் கணக்காளர் உரிமத்துக்கான சி.பி.ஏ. தேர்வுக்குப் படிக்கும் காரைக்குடிப் பிள்ளைகள் என்னிடம் கொண்டுவரும் ஐயங்களில் கணக்கியல் சார்ந்தவை குறைவு. கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு, அதை விடைக் கட்டத்தில் எந்த வடிவில் இடுவது என்று தெரியாமல் நிற்பவர்களே அதிகம். குறைவைக் காட்டக் கழித்தல் குறி இட வேண்டுமா, தொகை ஏதும் வராத கட்டத்தில் பூஜ்யம் இடுவதா வெறுமையாக விடுவதா, வட்டியை முழு டாலராக்குவது எந்தப் படியில், ஜர்னல் என்ட்ரியில் (குறிப்பேட்டுப் பதிவில்) மிஞ்சும் வரிசைகளை என்ன செய்வது என்பன போன்ற கேள்விகளே திரும்பத் திரும்ப வருகின்றன. இரவில் அமெரிக்க நிறுவனங்களின் கணக்குகளைப் பார்த்துக்கொண்டு பகலில் வீட்டு முகப்பில் உட்கார்ந்து இவர்களுக்கு விளக்கம் சொல்லும் எனக்கு, இந்தக் கேள்விகள் அற்பமானவை என்று ஒருபோதும் தோன்றியதில்லை. கணக்கு தெரிந்தவருக்கே இவை கேள்விகளாகின்றன. தெரியாதவர் கட்டத்தை எப்படியோ நிரப்பிவிட்டுப் போய்விடுகிறார்.

நம் பிள்ளைகளுக்கு இது கூடுதலாக வலிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பி.காம். முடித்து சி.ஏ. படிப்பில் சில காலம் இருந்துவிட்டு சி.பி.ஏ. பக்கம் வருபவர்கள் இங்கே பலர். சி.ஏ. தேர்வின் விரித்தெழுதும் தாள்களில், செய்முறைக் குறிப்புகள் விடையின் பகுதியாக அமைய வேண்டும் என்றும், தேவையான இடத்தில் பொருத்தமான அனுமானத்தைக் கொண்டு அதைக் குறிப்பாகத் தெரிவிக்கலாம் என்றும் தலைப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள். வினா தெளிவில்லாமல் இருந்தால், நான் இன்னவாறு கொண்டேன் என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போகலாம். திருத்துபவர் ஒரு மனிதர், அவர் அதைப் படிப்பார். சி.பி.ஏ. சிமுலேஷனில், அதாவது ஆவணங்களைத் தந்து திரையில் விடைக் கட்டங்களை நிரப்பச் சொல்லும் செய்முறை வினாவில், அந்த ஒரு வரிக்கு இடமே கிடையாது. பக்கத்தில் திறந்து வைத்துக் கணக்குப் போடும் விரிதாளை எவரும் பார்ப்பதில்லை, அங்கே போட்டதற்கு மதிப்பெண்ணும் இல்லை. கட்டத்தில் இட்ட எண்ணும், பட்டியலிலிருந்து தெரிவு செய்த சொல்லுமே கணினியின் கைக்குப் போகின்றன. ஆகவே அனுமானத்தை எழுதிக் காட்டப் பழகியவர், அந்த அனுமானத்தைத் திரையில் உள்ள சான்றுகளைக் கொண்டே தீர்மானிக்கப் பழக வேண்டியிருக்கிறது. இந்தப் பதிவில் நான் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான்.

தேர்வின் அமைப்பை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜனவரி முதல் நடப்பில் உள்ள முறைப்படி, ஃபார் (நிதி அறிக்கையிடல்), ஆடிட் (தணிக்கை), ரெக் (வரியும் சட்டமும்) ஆகிய மூன்று அடிப்படைப் பிரிவுகளையும், பார் (வணிகப் பகுப்பாய்வு), ஐ.எஸ்.சி. (தகவல் அமைப்புகள்), டி.சி.பி. (வரித் திட்டமிடல்) ஆகியவற்றுள் ஒன்றையும் எழுத வேண்டும். ஒவ்வொன்றும் 4 மணி நேரம். ஒவ்வொன்றிலும் 5 டெஸ்ட்லெட்டுகள், அதாவது வினாத் தொகுதிகள். முதல் இரண்டில் கொள்குறி வினாக்கள், பின் மூன்றில் சிமுலேஷன்கள். ஃபாரில் 50 கொள்குறி வினாக்களும் 7 சிமுலேஷன்களும் வருகின்றன. ஐ.எஸ்.சி. தவிர மற்றவற்றில் மதிப்பெண்ணில் பாதி சிமுலேஷன்களுக்கே உரியது, ஐ.எஸ்.சி.யில் அது 40 விழுக்காடு. தேர்ச்சிக்கு 75 வேண்டும் என்றாலும் அது விழுக்காடு அன்று, 0 முதல் 99 வரையுள்ள ஓர் அளவுகோலில் ஒரு புள்ளி. சிமுலேஷனில் பகுதி மதிப்பெண் உண்டு, தவறான விடைக்குக் கழிவு இல்லை. இந்தக் கடைசி இரண்டு செய்திகளையும் மறந்தவர்களே ஒரு கட்டத்தின் முன் கால்மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எங்கள் ஊர்ப்பக்கத்துப் பழைய வழக்கம் ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. இரங்கூனிலோ பினாங்கிலோ கடை நடத்திய நகரத்தார் நிறுவனங்களில், பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்கில் சம்பளம் பேசிப் போன ஏஜெண்டுகள், அங்கிருந்து கணக்கை எழுதிச் செட்டிநாட்டில் இருந்த முதலாளிக்கு அனுப்பினார்கள். கப்பலில் வந்து சேரும் ஐந்தொகையைப் பார்த்து, இந்தத் தொகையை எதற்காக இந்தப் பக்கம் எழுதினாய் என்று உடனே கேட்க முதலாளிக்கு வழியில்லை. விளக்கிச் சொல்ல ஏஜெண்டுக்கும் வழியில்லை. வழக்கமான இடத்தில் வழக்கமான வடிவில் எழுதினால்தான் கணக்கு கணக்காகப் படிக்கப்படும். சி.பி.ஏ. சிமுலேஷனை எழுதுகிறவரும் ஏறத்தாழ அந்த ஏஜெண்டின் நிலையில்தான் இருக்கிறார்.

சரி, சான்றுகளுக்கு வருவோம். அறிவுறுத்தல் தெளிவில்லை என்று ஒருவர் சொல்லும்போது, அவர் பெரும்பாலும் வினாவின் முதல் பத்தியை மட்டும் படித்திருப்பார். ஆனால் அறிவுறுத்தல் என்பது திரையில் பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. அட்டவணைக்கு மேலுள்ள வாசகம், நிரலின் (மேலிருந்து கீழாகச் செல்லும் பத்தியின்) தலைப்பு, வரிசையின் பெயர், தெரிவுப் பட்டியலில் உள்ள சொற்கள், எண்ணை இட்டு வெளியே வந்ததும் கட்டம் அதைக் காட்டும் வடிவம் ஆகிய யாவும் அறிவுறுத்தல்களே. இவற்றுள் முரண்பாடு தோன்றினால், வெளிப்படையாக எழுதிய வாசகத்துக்கே முதலிடம். அது பேசாத இடத்தில் நிரலின் தலைப்பு. அதுவும் பேசாத இடத்தில் பட்டியலும் கட்டமும். எல்லாம் மௌனமாக இருந்தால் மட்டுமே கணக்கியல் வழக்கம். பிள்ளைகள் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொள்கிறார்கள். கல்லூரியில் படித்த வழக்கத்தை முதலில் கொண்டுவந்து, திரையை அதற்குள் திணிக்கப் பார்க்கிறார்கள்.

இனி நான் தரும் எடுத்துக்காட்டுகள் யாவும் நானே புனைந்தவை. தேர்வு வினாக்களை வெளியே சொல்வதில்லை என்று ஒவ்வொரு தேர்வரும் உறுதியளித்த பிறகே திரை திறக்கிறது.

கழித்தல் குறியில்தான் குழப்பம் மிகுதி. மறைமுக முறையில் ரொக்க ஓட்ட அறிக்கை தயாரிக்கச் சொல்கிறார்கள் என்று கொள்வோம். நிகர இலாபம் 240,000 டாலர், தேய்மானம் 35,000, வரவேண்டிய கணக்குகள் 18,000 கூடியிருக்கின்றன, கொடுக்க வேண்டிய கணக்குகள் 9,000 கூடியிருக்கின்றன. செயல்பாடுகளிலிருந்து வரும் ரொக்கம் 266,000 என்பதில் எவருக்கும் ஐயமில்லை. வரவேண்டிய கணக்குகளின் வரிசையில் இட வேண்டியது 18,000 ஆ, கழித்தல் 18,000 ஆ? வரிசையின் பெயர் ‘வரவேண்டிய கணக்குகளில் மாற்றம்’ என்று மட்டும் இருந்து, கீழே கூட்டுத்தொகை வரிசை இருந்தால், அந்த நிரலைக் கூட்டினால் 266,000 வர வேண்டும். ஆகவே கழித்தல் குறி தேவை. அதே இடத்தில் ‘கழிக்க: வரவேண்டிய கணக்குகளின் அதிகரிப்பு’ என்று பெயர் இருந்தால், கழிக்கும் வேலையை அந்தச் சொல்லே செய்துவிட்டது, வெறும் 18,000 போதும். அதாவது நிரலை மேலிருந்து கீழாக ஒரு முறை கூட்டிப் பார்ப்பது, எந்த விதியையும் மனப்பாடம் செய்வதைக் காட்டிலும் நம்பத்தக்கது. சில அட்டவணைகளில் கூட்டுத்தொகைக் கட்டம் தானே கணக்கிட்டுக் காட்டும். அப்படி இருந்தால் ஓர் எண்ணை இட்டவுடனே கூட்டுத்தொகை ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தால் விவாதத்துக்கே இடமில்லை. கையால் எழுதும்போது எதிர்மறைத் தொகையை அடைப்புக்குறிக்குள் போட்டுப் பழகியவர்கள், இங்கே எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறியைத் தட்டச்சு செய்யும் பழக்கத்தை முன்கூட்டியே ஏற்படுத்திக்கொள்வது நல்லது.

இதன் மறுபக்கமும் உண்டு. தேவகோட்டையிலிருந்து வாரந்தோறும் வரும் ஒரு பெண் ஒரு நாள், “ஆச்சி, மிகைக் கூற்று என்று பட்டியலில் தெரிவு செய்த பிறகு, தொகைக்கு முன்னால் கழித்தல் குறியும் போட வேண்டுமா?” என்று கேட்டாள். ஆடிட் பிரிவுக்குப் படிக்கும்போது எழும் மிகச் சரியான கேள்வி அது. சரக்கிருப்பு 25,000 டாலர் மிகையாகக் காட்டப்பட்டிருக்கிறது. ஒரு நிரலில் மிகையா குறையா என்று தெரிவு செய்யச் சொல்கிறார்கள், அடுத்த நிரலில் தொகையைக் கேட்கிறார்கள். திசையைச் சொல்வதற்கென்றே ஒரு நிரல் தனியாக இருக்கும்போது, தொகையின் நிரலுக்குத் திசை கிடையாது. 25,000 என்று இட்டால் போதும். ரெக் பிரிவில் புத்தக இலாபத்திலிருந்து வரிக்குரிய வருமானத்துக்குப் போகும் அட்டவணையில் நிலைமை வேறு. வரிக்கு முந்தைய புத்தக இலாபம் 150,000. வணிக நிமித்தமான உணவுச் செலவு 12,000, அதில் பாதிக்கு மட்டுமே கழிவு. நகராட்சிப் பத்திர வட்டி 4,000, அதற்கு வரியில்லை. திசையைச் சொல்லும் நிரல் இல்லாமல் ‘சரிக்கட்டல்’ என்று ஒரே ஒரு நிரல் மட்டும் இருந்தால், முதலாவதற்கு 6,000 என்றும் இரண்டாவதற்குக் கழித்தல் 4,000 என்றும் இட வேண்டும். கீழே 152,000 வருகிறது. தகவல் எல்லாம் ஒன்றேதான். நிரலின் எண்ணிக்கை மாறியதால் குறி மாறுகிறது.

பூஜ்யத்துக்கும் வெறுமைக்கும் இடையிலுள்ள வேறுபாடு சிறியதாகத் தோன்றும், ஆனால் மதிப்பெண்ணை நேரடியாகத் தொடும். தொகை கேட்கும் அட்டவணைகளில், விடை பூஜ்யமானால் பூஜ்யத்தை இடுக என்ற வாசகம் வழக்கமாக வரும். வெறுமையாக விட்ட கட்டம் விடையளிக்காத கட்டம்; பூஜ்யம் இட்ட கட்டம் விடையளித்த கட்டம். ‘பாதிப்பு ஏதுமில்லை’ என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போவது நம்மவர்களிடம் பரவலான வழக்கம், காகிதத்தில் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போன நாள்களின் மிச்சம் அது. ஜர்னல் என்ட்ரியில் நேர்மாறு: எல்லா வரிசைகளும் தேவைப்படும் என்பதில்லை என்று அங்கே சொல்லியிருப்பார்கள், மிஞ்சிய வரிசைகளில் பூஜ்யம் நிரப்ப வேண்டியதில்லை. பதிவே தேவையில்லாத நிகழ்வு என்றால், அதற்கென்று அட்டவணையின் மேலே உள்ள பெட்டியில் குறியிட வேண்டும். அட்டவணையை வெறுமையாக விட்டுவிட்டு, பதிவு தேவையில்லை என்பது தானே விளங்கும் என்று இருந்துவிடக் கூடாது.

ஜர்னல் என்ட்ரியைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும். தெரிவுப் பட்டியலில் உள்ள கணக்குப் பெயர்கள், வினா எழுதியவர் எந்த வழியை மனத்தில் வைத்திருந்தார் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். 80,000 டாலருக்கு வாங்கி 55,000 தேய்மானம் திரண்ட ஓர் இயந்திரத்தை 30,000 டாலருக்கு விற்கிறார்கள் என்று கொள்வோம். பட்டியலில் ‘திரண்ட தேய்மானம்’ தனியாக இருக்கிறது என்றால், இயந்திரத்தின் புத்தக மதிப்பை மட்டும் நீக்கும் குறுக்குவழி இங்கே செல்லாது என்று பொருள். ரொக்கத்துக்கு 30,000, திரண்ட தேய்மானத்துக்கு 55,000 என்று பற்றும், இயந்திரத்துக்கு 80,000, விற்பனை இலாபத்துக்கு 5,000 என்று வரவுமாக நான்கு வரிசைகள் வர வேண்டும். இரு பக்கமும் 85,000. ஒரு கணக்கை ஒரு பதிவில் ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்ற வாசகம் இருந்தால், இரு தவணையாக வந்த ரொக்கத்தைச் சேர்த்து ஒரே வரிசையில்தான் இட வேண்டும். பட்டியலில் ஏறத்தாழ ஒரே பொருள் தரும் இரு பெயர்கள் இருந்தால் வினாவின் இணைப்பு ஆவணங்களுக்குத் திரும்பிப் போய், நிறுவனம் தன் பேரேட்டில் எந்தப் பெயரை வைத்திருக்கிறது என்று பார்ப்பதே வழி.

முழு எண்ணாக்குவது குறித்து நீண்ட வாக்குவாதங்கள் நடந்திருக்கின்றன. 500,000 டாலர் முகமதிப்புள்ள, 5 ஆண்டுகளில் முதிரும், ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டி தரும் பத்திரம். சந்தை வட்டி 8 விழுக்காடு. பத்திரத்தின் தற்போதைய மதிப்பைக் கேட்கிறார்கள். இணைப்பு ஆவணத்தில் 0.6806 என்றும் 3.9927 என்றும் இரண்டு காரணிகள் தந்திருக்கிறார்கள். முகமதிப்பை முதலாவதாலும் ஆண்டு வட்டியான 30,000 ஐ இரண்டாவதாலும் பெருக்கினால் 340,300 உம் 119,781 உம் சேர்ந்து 460,081 டாலர். அதே கணக்கை விரிதாளின் தற்போதைய மதிப்புச் சூத்திரத்தில் போட்டால் 460,073 வரும். எட்டு டாலர் வேறுபாடு. விரிதாள் தருவதுதானே துல்லியமானது என்று வாதிட்டவர்களிடம் நான் சொன்னது, கேட்கப்பட்டது துல்லியம் அன்று என்பதுதான். காரணிகளைக் கையில் கொடுத்திருக்கும்போது, அவற்றைப் பயன்படுத்து என்பதே அங்குள்ள அறிவுறுத்தல், எங்கும் எழுதப்படாவிட்டாலும். காரணிகள் தரப்படாமல் வட்டி வீதம் மட்டும் இருந்தால் விரிதாளை நம்பலாம். இடையில் உள்ள படிகளை வெட்டாமல் வைத்திருந்து, கட்டத்தில் இடும்போது மட்டும் முழு டாலராக்குவது பொதுவாகப் பாதுகாப்பானது. ஆனால் இடைப் படிகளுக்கும் விடைக் கட்டம் இருந்து, அவற்றையும் முழு டாலரில் கேட்டிருந்தால், கட்டத்தில் காட்டிய எண்ணையே அடுத்த படிக்கு எடுத்துக்கொள்வது பொருந்தும். முந்திரி, காணி, மா என்று ரூபாயின் மிகச் சிறு பின்னங்களையும் விடாமல் எழுதிய ஏடுகள் கிடந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு, சென்ட்டை உதறிவிடுவது கொஞ்சம் மனக்கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நம் நாட்டவருக்கே உரிய இன்னொரு தொல்லை காற்புள்ளி. 2,66,000 என்று எழுதிப் பழகிய கை 266,000 என்பதைப் பார்த்ததும் ஒரு கணம் தடுமாறும். அவசரத்தில் ஓர் இலக்கம் கூடியோ குறைந்தோ போவது அந்தக் கணத்தில்தான். தட்டச்சு செய்யும்போது காற்புள்ளியே இடாமல் இலக்கங்களை மட்டும் இட்டுவிட்டு, கட்டம் காட்டும் வடிவத்தை மூன்று மூன்று இலக்கமாகச் சரிபார்க்கச் சொல்வேன். விழுக்காடு கேட்கும் இடத்தில் 8 இடுவதா 0.08 இடுவதா என்பதற்கும் கட்டமே பதில் சொல்லும்: இட்டபின் விழுக்காட்டுக் குறியோடு 8 என்று தெரிகிறதா, 0.08 என்று தெரிகிறதா என்று பார்த்தால் போதும். நிதிநிலை அறிக்கையின் தலைப்பில் ‘ஆயிரங்களில்’ என்று சிறிய எழுத்தில் இருப்பதையும், விடை டாலரில் கேட்கப்படுவதையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை, ஆயினும் சொல்லிவைக்கிறேன்.

ஆவணத்தைச் சரிபார்க்கச் சொல்லும் வகைச் சிமுலேஷனில் ஒன்றை மட்டும் கவனித்தால் போதும். அடிக்கோடிட்ட பகுதி ஏற்கெனவே சரியாக இருந்தாலும், உள்ளதை அப்படியே வைத்துக்கொள்க என்ற தெரிவைச் சொடுக்கித் தெரிவிக்க வேண்டும். தொடாமல் விட்டது ஒப்புதல் ஆகாது.

இவ்வளவையும் எங்கே பழகுவது என்றால், தேர்வை உருவாக்கும் அமெரிக்கக் கணக்காளர் அமைப்பான ஏ.ஐ.சி.பி.ஏ. தன் இணையத்தளத்தில் கட்டணமின்றித் தந்திருக்கும் மாதிரித் தேர்வில்தான். பயிற்சி நிறுவனங்களின் மென்பொருள்கள் பாடத்தைக் கற்பதற்கு நல்லவை. ஆனால் விடைக் கட்டம் நடந்துகொள்ளும் விதம் ஒவ்வொன்றிலும் சற்றே வேறுபடும். ஒரு மென்பொருளில் கழித்தல் குறியை ஏற்காத கட்டத்தைப் பார்த்துப் பழகியவர், தேர்விலும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிடுகிறார். மாதிரித் தேர்வை மதிப்பெண்ணுக்காக எழுதாமல், கட்டங்களைச் சோதிப்பதற்காகவே ஒரு முறை எழுத வேண்டும் என்பது என் கருத்து. வேண்டுமென்றே கழித்தல் குறியை இட்டுப் பார்க்கலாம், தசமத்தை இட்டுப் பார்க்கலாம், பட்டியலைத் தெரிவு செய்து நீக்கிப் பார்க்கலாம். பாடத்தில் ஓர் எழுத்துக்கூட முன்னேறாத மாலையாக அது தோன்றும், தோன்றட்டும்.

தேர்வு நாளைப் பொறுத்தவரை, செட்டிநாட்டிலிருந்து போகிறவர்கள் சென்னையில் உள்ள ப்ரோமெட்ரிக் கணினித் தேர்வு மையத்தையே பெரும்பாலும் தெரிவு செய்கிறார்கள்; பல்லவன் ரயிலில் முந்திய நாளே போய் இறங்கிவிடுவது வழக்கம். மையத்தில் உள்ள அலுவலர்கள் வினாவுக்கோ அறிவுறுத்தலுக்கோ விளக்கம் தர மாட்டார்கள். அது அவர்கள் வேலை அன்று, அவர்களுக்கு அந்த உரிமையும் இல்லை. திரை உறைந்துபோனாலோ இணைப்பு ஆவணம் திறக்காமல் போனாலோ உடனே கையை உயர்த்தலாம், உயர்த்தத்தான் வேண்டும். ‘இந்தக் கட்டத்தில் குறி வேண்டுமா’ என்று கேட்பதற்குக் கையை உயர்த்தினால் நேரம்தான் போகும். ஐயமுள்ள கட்டத்தில் சான்று காட்டும் விடையை இட்டு, அந்தச் சிமுலேஷனைக் குறித்துவைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும். அதே டெஸ்ட்லெட்டுக்குள் திரும்பி வரலாம். அதை ஒப்படைத்துவிட்டால் திரும்ப முடியாது. கையில் தரும் பலகையில், ஐயமான கட்டத்தின் பெயரையும் எந்த முறையைக் கொண்டோம் என்பதையும் இரண்டு சொல்லில் எழுதிவைத்துக்கொண்டால், திரும்பி வரும்போது முதலிலிருந்து யோசிக்க வேண்டியதில்லை. ஒரே அட்டவணையில் இரண்டு வரிசைக்கு இரண்டு முறையைக் கையாளும் ஆபத்தும் நீங்கும். ஒரே முறையில் தொடர்ந்து இட்டு அந்த முறை பொருந்தாமல் போனாலும், குறியைச் சாராத கட்டங்களின் மதிப்பெண் நிற்கும்; பாதி ஒரு முறை, பாதி வேறு முறை என்று போனால் எது நிற்கும் என்றே சொல்ல முடியாது. மதிப்பெண்ணில் சேராத முன்சோதனை வினாக்களும் கலந்து வருகின்றன என்பதையும் நினைவில் கொண்டால், ஒரு விசித்திரமான அட்டவணையின் முன் பதற்றம் சற்றுக் குறையும்.

எல்லாச் சான்றுகளையும் பார்த்த பிறகும் வினாவிலேயே பிழை என்று உறுதியாகத் தோன்றினால், தேர்வு முடிந்த சில நாள்களுக்குள் ஏ.ஐ.சி.பி.ஏ.வுக்கு எழுதித் தெரிவிக்க முறை இருக்கிறது. எந்தப் பிரிவு, எந்த நாள், எந்த டெஸ்ட்லெட், அறிவுறுத்தலின் எந்தப் பகுதி அட்டவணையின் எந்தப் பகுதியோடு முரண்படுகிறது என்பதைச் சுருக்கமாக எழுதினால் போதும். தேர்வு எவ்வளவு கடினமாக இருந்தது என்பதையும், எத்தனை மாதம் படித்தோம் என்பதையும் அதில் சேர்க்க வேண்டியதில்லை. அந்தக் கடிதத்தை அவர்களுக்கு மட்டுமே அனுப்ப வேண்டும். அதன் படியை நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவது, தேர்வின் தொடக்கத்தில் ஒப்புக்கொண்ட இரகசியக் காப்பு உறுதியை மீறுவதாகும்; அதற்கு மதிப்பெண்ணையே இரத்து செய்யும் அளவுக்கு விளைவுகள் உண்டு.